சாமைக்கு எத்தனை தண்ணீர்?

வேலூரிலிருந்து போளூருக்குப் போகும் சாலையில் கண்ணமங்கலம் தாண்டியதும் மேற்கே ஜவ்வாது மலை நம்மோடு கூடவே நடந்து வரத் தொடங்குகிறது. சந்தவாசலை அடையும்போது மலை வெகு சமீபத்தில் வந்து நிற்கும். படவேட்டு ரேணுகாம்பாளைத் தரிசிக்கச் செல்வோர் இவ்வூரில்தான் பிரதான சாலையை விட்டுத் திரும்புவார்கள். மலையின் மேல் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமை பயிரிட்டு வருகிறார்கள். அந்தச் சாமையும், தேனும், புளியும் இறங்கி வந்து சேர்வது அடிவாரத்து ஊர்களின் கடைத்தெருக்களுக்குத்தான்.

இத்தகைய கடையொன்றில் அரைக் கிலோ சாமையரிசி வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிற ஓர் இல்லத்தரசியை மனத்தில் கொள்வோம். வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை வியாதி. வைத்தியர் நெல்லரிசியைக் குறைக்கச் சொல்லிவிட்டார். அவளுடைய பாட்டி சாமைச் சோறு ஆக்கியிருப்பாள். தாயின் காலத்தில் பங்கீட்டுக் கடை அரிசி வீட்டுக்குள் வந்து, சாமைப் பானை பரணுக்குப் போயிற்று. ஆகவே கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஆள் இல்லை. கைபேசியை எடுத்துக் கேட்கிறாள்: சாமைச் சோறு செய்வது எப்படி?

ஒரு நொடியில் பதில்கள் வந்து குவிகின்றன. ஒரு பங்கு சாமைக்கு இரண்டு பங்கு தண்ணீர் என்கிறது முதல் தளம். மூன்று பங்கு என்கிறது இரண்டாவது. மூன்றாவது தளம் வெகு சாமர்த்தியமாக, "தண்ணீர்: தேவையான அளவு" என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியில் கொத்துமல்லித் தழை தூவச் சொல்லிவிடுகிறது.

"தேவையான அளவு" என்பது நம் சமையலறைகளில் கௌரவமான வார்த்தைதான். மாமியார் சொன்னபோது அதற்கு அர்த்தம் இருந்தது. சொன்னவள் அடுப்பருகிலேயே நின்றாள். தண்ணீர் குறைந்தால் ஒரு கரண்டி விடுவாள். உப்பு மிகுந்தால் ஒரு பிடி அரிசி மாவைக் கரைத்து ஊற்றுவாள். கைபேசி அடுப்பருகில் நிற்பதில்லை. ஆதலால் அதில் படித்துச் சமைப்பவளுக்கு அளவு வேண்டும்; அந்த அளவு எந்த நிபந்தனையில் சரி என்பதும் வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், மேற்சொன்ன முதல் இரண்டு தளங்களும் சரியாகவே சொல்லியிருக்கலாம். தவிடு முழுவதும் நீக்கி வெள்ளையாகத் தீட்டிய சாமையை அரைமணி நேரம் ஊறவைத்துக் குக்கரில் வைத்தால், ஒன்றுக்கு இரண்டு பங்கு தண்ணீர் போதும். சோறு உதிரியாக வரும். தவிடு நீங்காத சாமையை ஊறவைக்காமல் திறந்த பானையில் வேகவைத்தால் மூன்று பங்குகூடப் பிடிக்கும். பயற்றம் பருப்பு சேர்த்துப் பொங்கலாகக் குழைய வேண்டுமானால் நான்கு பங்கு. தானியம் ஒன்றே; தீட்டியதா தீட்டாததா, ஊறியதா ஊறாததா, மூடியதா திறந்ததா என்பதைச் சொல்லாமல் தண்ணீரை மட்டும் சொல்பவர், விலாசத்தில் தெருப்பெயரை விட்டுவிட்டுக் கதவிலக்கத்தை மட்டும் எழுதியவர் ஆவார்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சமையல் குறிப்புகளில் நல்லதை அல்லாததிலிருந்து பிரித்தறிய இதைக் காட்டிலும் நல்ல உரைகல் இல்லை என்பது நமது அபிப்பிராயம். சமைத்துப் பார்த்தவர் எழுதியதில் நிபந்தனைகள் தாமாகவே வந்து விழும். பாத்திரம் எவ்வளவு பெரியது, தணலா கொழுந்தா, எத்தனை நிமிஷத்தில் என்ன மணம் எழும்பும், எந்த நிலையில் கிளறுவதை நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அவருடைய கை அறிந்த சமாசாரங்கள். பார்த்து எழுதியவரிடம் இவை இரா. பதிலாக, "சுவையான, சத்தான சாமைச் சோறு தயார்!" என்ற வாக்கியம் இருக்கும்.

இந்த இலவசம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சற்றுக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான சமையல் தளங்களில் படிப்பவர் காசு கொடுப்பதில்லை, விளம்பரக்காரர் கொடுக்கிறார். எத்தனைக்கு எத்தனை பக்கம் நீளுகிறதோ, அத்தனைக்கு அத்தனை விளம்பரம் இடையில் நுழையலாம். தேடுபொறியின் கண்ணில் படுவதற்கும் வார்த்தைகள் வேண்டும். இதனால்தான் ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று அறியப் போனவர், எழுதினவரின் கல்லூரி நாட்கள், அவருடைய அத்தை வீட்டுக் கிணறு, மழைக்காலத்தின் மகிமை ஆகியவற்றையெல்லாம் கடந்துதான் புளியை அடைய வேண்டியிருக்கிறது. பல தளங்களில் மேலேயே "குறிப்புக்குச் செல்க" என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்துவதில் பாவமொன்றும் இல்லை.

அமெரிக்காவில் இந்தத் தொழில் 1997-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் பிஸ்கோத்துக் குறிப்புகளுக்காகத் தொடங்கிய ஒரு சிறு தளத்திலிருந்து வளர்ந்தது. அதுவே பின்னர் 'ஆல்ரெசிப்பீஸ்' என்ற பெரும் ஸ்தாபனமாயிற்று. ஜப்பானில் அதே காலத்தில் தோன்றிய 'குக்பேட்' வீட்டுப் பெண்களே குறிப்புகளை எழுதிச் சேர்க்கும் தளம். அங்கே குறிப்பைப் படிப்பது இலவசம்; ஆனால் எது அதிக ஜனங்களுக்குப் பிடித்தது என்று வரிசைப்படுத்திக் காட்ட மாதச் சந்தா. கதிரை இனாமாகக் கொடுத்துவிட்டு முறத்துக்கு வாடகை வாங்கும் இந்த யுக்தியை மெச்சத்தான் வேண்டும். நல்லதைப் பொறுக்கி எடுப்பதே சிரமம் என்பதை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

பொதுப் பணத்தில் நடப்பதற்கும் ஆபத்து வருவதுண்டு. 2016-ஆம் வருஷம் மே மாதத்தில் பிரிட்டிஷ் ஒலிபரப்பு ஸ்தாபனமான பி.பி.சி., செலவைக் குறைக்கும் பொருட்டுச் சுமார் 11,000 சமையல் குறிப்புகள் அடங்கிய தனது இலவசத் தளத்தை மூடப்போவதாக அறிவித்தது. அரசாங்கங்கள் கவிழும்போதுகூட எழாத கூக்குரல் அந்நாட்டில் எழுந்தது. ஒரு நாளைக்குள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் ஆட்சேப மனுவில் ஒப்பமிட்டார்கள். அந்தக் குறிப்புகள் பிழைத்தன. வீட்டுச் சமையலும் பொதுச் சொத்துதான் என்பதை அந்த ஜனங்கள் உணர்ந்து போராடியது நாம் கவனிக்கத்தக்க விஷயம்.

தமிழில் நிலைமை எப்படி? நாம் நினைப்பதைவிட நன்றாகவே தொடங்கியது. இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் 'அறுசுவை' என்ற தமிழ்த் தளம் எழுந்தது. கல்யாணமாகி அயல்நாடு சென்று, தனி வீட்டில், அறியாத அடுப்பின் முன் நின்ற இளம் பெண்கள் பலருக்கு அது தாய்வீடாக இருந்தது. ஒருத்தி வத்தக்குழம்பு எழுதுவாள். இன்னொருத்தி அதைச் சமைத்துவிட்டு வெந்தயம் கசக்கிறது என்பாள். மூன்றாமவள் வெந்தயத்தைக் கடைசியில் வறுக்கச் சொல்வாள். இந்த வாதப் பிரதிவாதமே குறிப்பைப் புடம் போட்டது. கீழே பத்துப் பேர் செய்து பார்த்துக் குறை நிறை சொல்லியிருக்கும் குறிப்பு, படம் மட்டும் அழகாயிருக்கும் குறிப்பைவிட மேல் என்பதை இன்றைக்கும் நம்பலாம். ஆங்கிலத்தில் எழுதும் தமிழ்ப் பெண்மணிகளின் தளங்களும் பல உண்டு. 'ரக்ஸ் கிச்சன்', 'ஷர்மிஸ் பேஷன்ஸ்', 'கண்ணம்மா குக்ஸ்' ஆகியவை அவற்றுள் சில. படிப்படியாகப் படமெடுத்து விளக்குவது இவற்றின் பழக்கம்.

பிறகு சலனப்படங்களின் காலம் வந்தது. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு குடும்பத்தினர் 2018-இல் வயல்வெளியில் அண்டா வைத்துச் சமைத்து யூடியூபில் காட்டத் தொடங்கினார்கள். 2021 ஜூலையில் அவர்களுடைய 'வில்லேஜ் குக்கிங் சேனல்' ஒரு கோடிச் சந்தாதாரர்களைப் பெற்றது. தமிழ் அலைவரிசை எதுவும் அதற்குமுன் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. நமது பாட்டாளிகளின் கைவண்ணத்தை உலகம் இவ்வாறு கண்டு களிப்பதில் யாருக்குத்தான் பெருமையிராது? ஆனால் ஆயிரம் பேருக்குப் பொங்கும் அண்டாவைப் பார்த்து நாலு பேருக்குப் பொங்க முடியாது. சலனப்படம் கைப்பக்குவத்துக்கு உகந்த ஆசான். களியைத் துடுப்பால் எப்படிக் கிண்டுவது, இடியாப்ப மாவு எந்தப் பதத்தில் கையில் ஒட்டாமல் வரும், பாகு கம்பி பதம் என்றால் எது என்பதை நூறு பக்கம் எழுதினாலும் விளக்க முடியாது. அரை நிமிஷப் படம் விளக்கிவிடும். அளவுக்கோ எழுத்துதான். இரண்டையும் வைத்துக்கொண்டு சமைப்பது உத்தமம்.

அளவைப் பற்றிப் பேசும்போது 'கப்' என்ற பதார்த்தத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமலிருக்க முடியவில்லை. அமெரிக்கக் கப் ஏறக்குறைய 240 மில்லிலிட்டர். ஆஸ்திரேலியக் கப் 250. அவர்களுடைய பெரிய கரண்டி 20 மில்லிலிட்டர், மற்றவர்களுடையது 15. நம் வீட்டுத் தேநீர்க் கோப்பையோ அதன் இஷ்டம். பாட்டி வைத்திருந்த ஆழாக்கு ஏறத்தாழ 168 மில்லிலிட்டர். எட்டு ஆழாக்கு ஒரு படி. இட்லிக்கு நாலுக்கு ஒன்று என்பது போல் விகிதமாகச் சொல்லப்பட்டதை எந்தப் பாத்திரத்தால் அளந்தாலும் கெடுதலில்லை. ஆழாக்கோ, தேங்காய்ச் சிரட்டையோ, ஒன்றையே கடைசிவரை உபயோகித்தால் சரி. விகிதத்தோடு கிராமும் கரண்டியும் கலந்து வரும்போதுதான் கோளாறு. "இரண்டு கப் மாவு, 150 கிராம் வெண்ணெய்" என்று எழுதியிருந்தால் எந்த நாட்டுக் கப் என்று பார்த்துவிட்டு அடுப்பை மூட்டுவது நல்லது. இந்தியாவில் மெட்ரிக் அளவைச் சட்டம் 1956-இல் வந்தது. 1951-இல் வெளியாகி இன்றும் மணமகளின் சீர்வரிசையில் இடம்பெறும் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' அதற்கு முந்தியது. புதுக் கிருகிணியும் தனியே நின்று சமைக்கும்படி ஒவ்வொன்றுக்கும் அளவு சொன்னதே அந்நூலின் பெருமை. இன்றைய இலவசத் தளங்கள் பலவற்றுக்கு அந்த அம்மாளின் சிரத்தையில் கால் பங்கு இருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இராது.

இதுவரை சொன்னது சோறு குழைவதையும் குறைவேக்காட்டையும் பற்றியது. ஒரு வேளைச் சோறு குழைந்தால் மோரை விட்டுக் கஞ்சியாகக் குடித்துவிடலாம். இனிச் சொல்லப்போவது அப்படியல்ல.

சமையல் தளங்கள் இப்போதெல்லாம் வைத்தியமும் செய்கின்றன. சாமையில் இரும்புச்சத்து அபாரம், சாமைக் கஞ்சி குடித்தால் சோகை நீங்கும் என்று எத்தனையோ பக்கங்கள் கூறுகின்றன. இதற்கு ஆதாரமாக 100 கிராமுக்கு 9.3 மில்லிகிராம் என்ற எண்ணையும் தருகின்றன. இந்த எண் பொய்யாகப் புனைந்ததன்று. நம் நாட்டு உணவுகளின் சத்துக்களைக் கூறும் பழைய அட்டவணையில் உள்ளதுதான். ஆனால் ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிலையம் நாடெங்கும் மாதிரிகள் திரட்டிப் புதிதாகச் சோதித்து, 528 உணவுகளுக்கான அட்டவணையை 2017-இல் வெளியிட்டது. அதில் சாமையின் இரும்புச்சத்து 1.26 மில்லிகிராம். வயது வந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் வருஷத்துப் பரிந்துரை. பழைய எண்ணை நம்பினால் 100 கிராம் சாமை அன்றையத் தேவையில் மூன்றிலொரு பங்கைத் தருவதாகத் தோன்றும். புதிய எண்படி இருபதில் ஒரு பங்குகூடத் தேறவில்லை.

எண்களில் இந்த மாறுதல் ஏட்டுப் பண்டிதர்கள் மட்டும் கவலைப்பட வேண்டியதா? 2019-21 ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை இருப்பது தெரியவந்தது. கர்ப்பிணிப் பெண் ஒருத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை குமட்டுகிறது என்று அதைப் பலகையில் வைத்துவிட்டு, இணையத்தில் படித்த சாமைக் கஞ்சியை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். கஞ்சி நல்லதுதான், மாத்திரையின் இடத்தில் அதை வைக்கக் கூடாது. மாத்திரை குமட்டினால் அதை நிறுத்துவதற்கு முன் செவிலியரிடம் சொன்னால் வழி சொல்வார்கள். கீரையோடு எலுமிச்சையோ நெல்லியோ சேர்த்தால் இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும், சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் சேராது என்பன பரீட்சித்து அறிந்த உண்மைகள். இவற்றைச் சொல்லும் சமையல் பக்கங்கள் அபூர்வம். இவற்றில் விற்பதற்கு ஒன்றும் இல்லை பாருங்கள்.

சாமைக்கு இதனால் இழிவில்லை. அதே 2017 அட்டவணையில் நார்ச்சத்து 100 கிராம் சாமையில் 7.7 கிராம், தீட்டிய நெல்லரிசியில் 2.8. புரதமும் சாமையில் 10 கிராம், அரிசியில் 8. தன் உண்மைக் குணங்களோடு நிற்கும் தானியத்துக்கு இல்லாத குணத்தை ஏற்றிப் புகழ்வது அதற்குச் செய்யும் உபகாரமாகாது. இதற்கு மாறாகக் கேழ்வரகின் சுண்ணாம்புச் சத்தைப் பாருங்கள்: பழைய அட்டவணையில் 344 மில்லிகிராம், புதியதில் 364. ஆடி மாதத்தில் படவேட்டிலும் சுற்றுப்புற ஊர்களிலும் அம்மனுக்கு வார்க்கும் கூழ் இரண்டு பரீட்சைகளிலும் தேறிவிட்டது.

தேன் விஷயம் இன்னும் கவலைக்குரியது. ஜவ்வாது மலைத் தேனுக்குள்ள பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தைகளுக்கான கூழ், கஞ்சி வகைகளைச் சொல்லும் சில பக்கங்கள், ஆறு மாதக் குழந்தைக்குச் சர்க்கரைக்குப் பதிலாக ஒரு துளி தேன் விடும்படி எழுதுகின்றன. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. தேனில் சில வேளை ஒருவகைக் கிருமியின் வித்துக்கள் இருக்கும். பெரியவர்களின் குடலில் அவை முளைக்கமாட்டா. சிசுவின் குடலில் முளைத்து, நரம்புகளைத் தளரச் செய்து, மூச்சையே நிறுத்திவிடக் கூடிய விஷத்தை உண்டாக்கும். வீட்டு அடுப்பில் கொதிக்க வைத்தாலும் அந்த வித்துக்கள் சாவதில்லை. தேன் எவ்வளவு சுத்தமானது, எந்த மலையிலிருந்து வந்தது என்பதெல்லாம் இங்கே பொருட்டல்ல. இந்த எச்சரிக்கை இல்லாமல் சிசுவுக்குத் தேன் சொல்லும் தளம் எதுவானாலும், அதில் உள்ள மற்றக் குழந்தையுணவுக் குறிப்புகளையும் நம்பாமல் விடுவதே விவேகம்.

இப்போது யந்திரமே குறிப்பு எழுதும் காலமும் வந்துவிட்டது. 2023-இல் நியூசிலாந்துக் கடையொன்றின் செயற்கை மதியுள்ள சமையல் உதவியாளர், வீட்டில் உள்ள பொருள்களைச் சொன்னால் சமையல் முறை சொல்லும் என்று விளம்பரப்படுத்தப்பட்டது. குறும்பர் ஒருவர் துப்புரவுத் திரவங்களின் பெயர்களைக் கொடுக்க, அது குளோரின் வாயுவை உண்டாக்கும் கலவையை ஒரு பானம் என்று சிபாரிசு செய்தது. மறு வருஷம் கூகிளின் யந்திரம், பிட்சாவில் பாலாடைக்கட்டி வழுக்காமலிருக்கக் கோந்து சேர்க்கலாம் என்றது. இவை சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. கோந்தை யாரும் சேர்க்கமாட்டார்கள். சாமைக்கு மூன்றரைப் பங்கு தண்ணீர் என்றோ, ஊறுகாய்க்கு உப்பு பாதி போதும் என்றோ அதே யந்திரம் சொன்னால் யார் கண்டுபிடிப்பது? யந்திரத்துக்கு நாக்கு இல்லை என்பதை மறக்கலாகாது.

அப்படியானால் நம்பிக்கையோடு போகக்கூடிய இடங்கள் உண்டா என்றால், உண்டு. அவற்றுள் ஒன்று சந்தவாசல்காரர்களுக்கு வெகு அருகிலேயே இருக்கிறது. திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிறுதானியங்களுக்கென்றே ஓர் ஆராய்ச்சி மையம் நடத்துகிறது. அப்பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளம் தமிழிலும் இருக்கிறது. சிறுதானியங்களிலிருந்து செய்யக்கூடிய பலகாரங்களையும், மதிப்புக்கூட்டும் முறைகளையும் அதில் காசில்லாமல் படிக்கலாம். ஐதராபாத்துச் சிறுதானிய ஆராய்ச்சி நிலையமும் சிறுதானியச் சமையல் புத்தகங்களை வெளியிட்டிருக்கிறது; ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியதையொட்டி இத்தகைய வெளியீடுகள் பெருகின. இவற்றின் நடை சர்க்கார் நடை. படங்கள் வாயில் நீர் ஊறச் செய்வன அல்ல. ஆனால் கிராம் கணக்கு இருக்கும், விளம்பரம் இராது. அத்தையின் கிணறும் இராது. சத்து விவரங்களுக்கு முன்சொன்ன தேசிய ஊட்டச்சத்து நிலையத்தின் அட்டவணையை வைத்துக்கொண்டால், எந்தத் தளம் எந்தச் சத்தைப் புகழ்ந்தாலும் ஐந்து நிமிஷத்தில் ஒத்துப் பார்த்துவிடலாம்.

பழமையில் நாட்டமுள்ளவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்தபடியே பழைய பாகசாஸ்திர நூல்களின் பக்கங்களைப் புரட்டலாம். மிளகாய்க்குப் பக்கத்தில் மிளகு எவ்வளவு கௌரவமாக வீற்றிருந்தது என்பதைக் காணலாம். ஈழத்து நூல்களுக்கு 2005-இல் தோன்றிய 'நூலகம்' தளம். தஞ்சை சரசுவதி மகால் நூலகம் சரபோஜி மன்னரின் அரண்மனைச் சமையலைக் கூறும் 'சரபேந்திர பாகசாஸ்திரம்' என்ற சுவடியை அச்சிட்டிருக்கிறது. அரண்மனையில் என்ன சமைத்தார்கள் என்பது நமக்குக் கிடைத்துவிட்டது.

மலையில் என்ன சமைத்தார்கள் என்பதோ கிடைக்கவில்லை. குறை இங்கேதான் இருக்கிறது. இணையத்தில் சாமை என்று தேடினால் சாமை பிரியாணி, சாமை கட்லட், சாமை நூடுல்ஸ், சாமை கேக் என்று வரிசையாக வருகின்றன. பட்டணத்து நாக்குக்கு ஒரு புதுச் சரக்கு வேண்டியிருக்கிறது. அதற்குச் சாமை அகப்பட்டது. தலைமுறைகளாக அதையே உண்டு வாழ்ந்த வீடுகளில் எந்தக் குழம்பு அதற்குச் சேர்த்தி, பழைய சாமைச் சோற்றுக்கு எத்தனை நாழிகை நீர், பிரசவித்தவளுக்கு எப்படிக் கஞ்சி, விருந்துக்கு எப்படிப் பாயசம் என்பவை சமைக்கிற கைகளோடு இருக்கின்றன. எழுத்தில் ஏறியவை மிகச் சொற்பம்.

இதனால் நஷ்டம் ருசிக்கு மட்டுமன்று. வாங்கத் தெரிந்த வீடும் சமைக்கத் தெரிந்த கையும் குறைந்தால் மலைமேல் விதைப்பவனுக்கும் விலை குறையும். சாமையின் உமி கடினமானது. அதை உரலில் குத்திப் புடைக்கும் உழைப்பு முழுவதும் பெண்களின் தோளில் இருந்தது. யந்திரம் வந்து அந்தப் பாரத்தை இறக்கியது நன்மையே. ஆனால் கடைக்காரர் கேட்கிற வெண்மைக்காக மேலும் மேலும் தீட்டினால் தவிடு போய், நாம் பெருமை பேசிய நார்ச்சத்தும் அதனோடு போய்விடும். 1934-இல் காந்தியடிகள் தோற்றுவித்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம், தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பாவைக் காரியதரிசியாகக் கொண்டு, நாடெங்கும் கைக்குத்தல் அரிசிக்காகப் பிரசாரம் செய்தது நினைவிருக்கும். அன்று நெல்லுக்கு நடந்த வழக்கு இன்று சாமைக்கு நடக்கிறது. தவிடு நீங்காத சாமை வேகும் விதம் வேறு, அதற்குத் தண்ணீர் அதிகம் வேண்டும் என்பதை எந்தக் குறிப்பும் சொல்லாவிட்டால், வாங்கிப் போனவள் ஒருமுறை சமைத்து, வேகவில்லை என்று ஒதுக்கிவிட்டு, அடுத்த முறை வெள்ளைச் சாமை கேட்பாள். தண்ணீர்க் கணக்கில் விட்டுப்போன ஒரு வரி இவ்வளவு தூரம் போகிறது.

எழுதுவதற்கு இடம் இருக்கிறது. விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பான விக்கிநூல்களில் சமையலுக்கென்று ஒரு பகுதி உண்டு. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம், யாரும் எடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம், விளம்பரம் கிடையாது. ஆங்கிலத்தில் அது பெரிதாக வளர்ந்திருக்கிறது. தமிழில் சேர வேண்டியவை ஏராளம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் கைபேசியை வைத்துக்கொண்டு செய்கிற காரியங்களைப் பார்க்கும்போது, இதைச் செய்யச் சொன்னால் மறுக்கமாட்டார்கள் என்றே தோன்றுகிறது. ஆழாக்கைக் கையில் கொடுத்து ஒரு கிழவியின் அடுப்பருகே உட்கார வைத்தால் போதும். அவள் "ஒரு கை" என்று அள்ளும்போது, அள்ளியதைப் பானையில் போடுமுன் வாங்கித் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். கிழவி திட்டுவாள். திட்டினால் திட்டட்டும்.

எழுதும்போது பெயரைப் பட்டணத்துக்கு ஏற்றபடி மாற்ற வேண்டாம். எந்த ஊர், எந்த மாதம், தீட்டியதா தீட்டாததா, மண்பானையா குக்கரா, விறகா வாயு அடுப்பா, எத்தனை பேருக்கு, எவ்வளவு நேரம் என்று வரிசையாகக் குறிக்க வேண்டும். சாமைச் சோறு, கேழ்வரகுக் களி, கொள்ளு ரசம், ஆடிக் கூழ் என்று இந்த நான்கோடு தொடங்கலாம். கூழுக்கு மாவை முதல்நாள் மாலையே கரைத்துப் புளிக்க வைப்பார்கள். மறுநாள் நொய்யை வேகவிட்டு அதில் கரைத்த மாவை ஊற்றிக் கட்டி தட்டாமல் துழாவுவார்கள். ஓர் அண்டாவுக்கு எத்தனை படி மாவு, எத்தனை படி நொய், எத்தனை குடம் தண்ணீர் என்று வருஷந்தோறும் காய்ச்சுகிறவர்களைக் கேட்டால் விரல் மடக்காமல் சொல்வார்கள். இந்த ஆடியிலேயே கேட்டு எழுதிவிடலாம்.